மௌன அறைக்குள் எங்க லாட்ஜ்

ஏப்ரல் 15, புதன்

வெயில். ஒன்பது மணிக்கே ரோட்டுல கால் வெக்க முடியல. அக்னி நட்சத்திரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

இன்னிக்கு செய்ய வேண்டியது: 3ம் நம்பர் ரூம் குழாய். சலவைக்குப் போன போர்வை வந்துச்சான்னு கேக்கணும். கேஸ் புக்கிங். மாமாகிட்ட சொல்லணும்.

கடைசியில இருக்கறது போன மாசத்துலேருந்து தினமும் எழுதறேன். தினமும் அடுத்த நாளைக்குப் போயிடுது.

விஷயம் இதுதான். நானும் அமுதாவும் (இனிமே அ.) சேந்து அடி அண்ணாமலையில கடை போடறோம். கிரிவலம் போறவங்களுக்கு கால் நனைக்கற கடை. செருப்பில்லாம மலைய சுத்தறவங்க அங்க வரும்போது பாதி வழி ஆயிருக்கும். கால் எரியும். ஸ்டூல்ல உக்காந்து, கல்லுப்பு போட்ட தொட்டித் தண்ணியில கால வெச்சுக்கிட்டு, ஒரு மோர் குடிச்சுட்டு மீதிய நடக்கலாம். அ. வீட்டு முன்னாடி ஷெட் இருக்கு, போர் தண்ணி இருக்கு. சித்ரா பௌர்ணமிக்கு திறந்தாகணும். 26ம் தேதிக்குள்ள நான் உறுதியா சொல்லலன்னா கரும்புச்சாறு மெஷின்காரருக்கு ஷெட்ட விட்டுடுவாராம் அவங்க அப்பா.

அதுக்கு நான் லாட்ஜ் வேலைய விடணும். லாட்ஜ் மாமாவோடது. ஏழுமலை மாமா, அம்மாவோட தம்பி. போளூர்லேருந்து என்னை கூட்டிட்டு வந்து காலேஜ்ல சேத்து, படிச்சு முடிச்சதும் ரிசப்ஷன்ல உக்கார வெச்சவரு. புக்கிங், மெயில், வெளிநாட்டுக்காரங்க வந்தா போட்டோ எடுத்து போலீஸ் ஃபாரம் ஏத்தறது, எல்லாம் நான்தான். கம்ப்யூட்டர்ல அவருக்குத் தெரிஞ்சது ஆன் பண்றது மட்டும்.

அதையும் பூஜையாத்தான் பண்ணுவாரு. விடிஞ்சதும் சாமி படத்துக்குக் காட்டின ஊதுபத்திய மானிட்டருக்கும் ஒரு சுத்து. அப்புறம் சுவிட்ச். திரையில ஏதாவது பொட்டி வந்து மைக் வேணுமா, அது வேணுமா, இது வேணுமான்னு கேட்டா உடனே "அனுமதி"ய அமுக்கிடுவாரு. கேட்டா போணிங்கறாரு. காலையில முதல்ல கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்லிட்டா அன்னிக்குப் பூரா ரூம் ஓடாதாம். முதல்ல வர்ற ஆளு வாடகைய கொறைக்கச் சொன்னா கொறைப்பாரு. கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை.

அவர் பால் வாங்கப் போனதும் ரிசப்ஷன்ல நான் மட்டும். பெருக்கிக்கிட்டே ஒத்திகை பாப்பேன், சத்தமா. இன்னிக்கு: "மாமா, உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்." குரல் நடுங்கல. நல்லா வந்துச்சு. சரியா அப்பப் பாத்து பால் தூக்கோட உள்ள வந்தாரு.

"மாமா, உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம்..."

"இன்னாம்மா?"

"3ம் நம்பர்ல குழாய் ஒழுவுது."

குழாய சரி பண்ணிட்டாரு. அது ஒண்ணுதான் இன்னிக்கு ஆச்சு.

ஏப்ரல் 16, வியாழன்

காத்தே இல்ல. மலை மேல ஒரு மேகம் கூட கெடையாது.

இன்னிக்கு மூணு விதமா ஒத்திகை. கோவமா ஒண்ணு, கெஞ்சி ஒண்ணு, சிரிச்சுக்கிட்டே ஒண்ணு. சிரிச்சுக்கிட்டே சொன்னது கேவலமா இருந்துச்சு. டிவியில பல்லுப்பொடி விக்கறவ கூட இவ்வளவு இளிக்க மாட்டா.

பத்து மணிக்கு ஒரு ஃபோன். பினாங்குலேருந்து பார்வதின்னு ஒரு அம்மா. பௌர்ணமிக்கு ரூம் வேணும். கேள்வி எல்லாம் சாதாரணமா கேட்டாங்க, ஃபேன் இருக்கா, மாடியா, வெந்நீர் வருமான்னு. எழுதிக்கிட்டேன். வெக்கப்போற நேரத்துல, "சொல்லிட்டீங்களாம்மா?"ன்னாங்க.

"என்ன மேடம்?"

"உங்க மாமாகிட்ட."

எந்த மாமான்னு கேட்டேன். அந்தம்மா தடுமாறி, நாளைக்குக் கூப்பிடறேன், மன்னிச்சுக்கோன்னு வெச்சுட்டாங்க.

அ.வுக்கு ஃபோன் போட்டேன். நீ யார்கிட்டயாவது உளறினியான்னு கேட்டா, பினாங்கு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுங்கறா. ராத்திரி பூரா இதே யோசனை. அத்தை தோசை ஊத்திக் குடுத்தாங்க, என்ன சாப்பிட்டேன்னு ஞாபகமில்ல.

ஏப்ரல் 17, வெள்ளி

தெரிஞ்சுபோச்சு. ஒழுங்கா எழுதணும்.

பார்வதி அக்கா மறுபடி கூப்பிட்டாங்க. இணையத்துல ஒரு மௌன அறை இருக்காம். உலகத்துல எங்கெங்கயோ இருக்கறவங்க தினமும் ஒரே நேரத்துல உள்ள வந்து, ஒரு மணி நேரம் பேசாம உக்காந்திருப்பாங்க. படம் தெரியாது. ஆனா எல்லார் மைக்கும் திறந்திருக்கும், ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குக் கேட்டா தனியா இருக்கற மாதிரி இருக்காதுன்னு. நம்ம நேரத்துக்கு காலை ஆறுலேருந்து ஏழு.

பிப்ரவரியில 6ம் நம்பர்ல தங்கின ஜெர்மன்காரம்மா ஹெல்கா, அவங்க ஃபோன் ரிப்பேர்னு ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல அந்த அறைக்குள்ள போய் உக்காந்திருக்காங்க. ஊருக்குப் போகும்போது வெளிய வர மறந்துட்டாங்க. எங்க ப்ரௌசரோ, விட்ட இடத்துலேருந்து எல்லாத்தையும் திரும்பத் திறக்கற ப்ரௌசர். தினமும் விடிகாலையில அந்தப் பக்கம் தானா திறந்து, மைக் குடுக்கறியான்னு கேக்கும். மாமா ஊதுபத்தியோட நின்னு, அனுமதி, அனுமதின்னு அமுக்குவாரு. போட்டோ எடுக்க மானிட்டர் மேல ஒட்டின கேமராவுலயே மைக்கும் இருக்கு. ஸ்பீக்கர் கரகரங்குதுன்னு நான்தான் கழட்டி வெச்சிருந்தேன். அதனால அவங்க பக்கத்து சத்தம் ஒண்ணும் எனக்குக் கேக்கல. என் சத்தம் மட்டும் உலகம் பூரா.

முப்பது பேருக்கு மேல அந்த அறையில. தமிழ் தெரிஞ்சது பார்வதி அக்காவுக்கு மட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் கடைசியில கொஞ்ச நேரம் பேசலாமாம். அப்ப எல்லாரும் அவங்கள கேப்பாங்களாம், இந்த வாரம் அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு, மாமாகிட்ட சொல்லிடுச்சான்னு. லாட்ஜ எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னு கேட்டேன். நீதானேம்மா ஃபோன எடுத்ததும் லாட்ஜ் பேர சொல்றேங்கறாங்க.

அவங்க கேட்டிருக்கக் கூடியது:
என் கொட்டாவி.
5ம் நம்பர்காரர கஞ்சப் பிசினாறின்னது.
பாட்டு. (சுருதி சேராது, எனக்கே தெரியும்.)
அத்தையோட உப்புமாவப் பத்தி அ.கிட்ட ஃபோன்ல சிரிச்சது.
கடைக்கு பேர் யோசிச்சது, எல்லாப் பேரும்.
போன மாசம் ஒரு நாள் அழுதது.

கடைசிதான் தாங்கல. மாமா எனக்கு புது நாற்காலி வாங்கிட்டு வந்தாரு அன்னிக்கு, ரொம்ப நேரம் உக்காந்து முதுகு வலிக்குமேன்னு. மறுநாள் காலையில அதுல உக்காந்து அழுதேன். அத அ.கிட்ட கூட சொல்லல. முன்னப்பின்ன தெரியாத முப்பது பேரு கேட்டிருக்காங்க. எனக்கு அவமானமா இருக்கு. அதுக்கு மேல ஆத்திரமா வருது.

ஏப்ரல் 18, சனி

பக்கத்த மூடிட்டுப் போயிருக்கலாம். மனசு கேக்கல. கேட்டுடணும்னு இருந்துச்சு.

மாமா அனுமதிய அமுக்கிட்டு பாலுக்குப் போனாரு. ஸ்பீக்கர மாட்டினேன். முதல் தடவையா அந்த அறைய கேட்டேன். மூச்சு. யாரோ ஒருத்தர் வீட்டுல கடிகாரம். தூரத்துல ஒரு நாய். ஒருத்தருக்கு சளி, பாவம். மேல பாத்தா அந்தப் பக்கத்தோட பேருக்குப் பக்கத்துல குட்டியா ஒரு சிவப்புப் புள்ளி. இருபது பக்கம் திறந்து கெடக்கறதுல எவன் அதப் பாத்தான்.

மைக்குக்கு நேரா நின்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன், கோவத்துல தமிழுக்கு வந்துட்டேன். "இத்தனை பேர் கேட்டுட்டிருந்தீங்க. உன் மைக் திறந்திருக்கும்மான்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?"

பதிலே இல்ல. மூச்சு மட்டும் வருது. சளிக்காரர் மூச்சையும் புடிச்சுக்கிட்டாரு போல.

இன்னும் ரெண்டு வார்த்தை நல்லா குடுத்தேன். அதுக்கும் பதில் இல்ல. அப்பதான் உறைச்சுது, அது மௌன அறை, பேசக்கூடாதுன்னு சட்டம். திட்டு வாங்கிட்டும் சட்டத்த காப்பாத்தறாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. வெளிய காட்டிக்கக் கூடாதுன்னு துடைப்பத்த எடுத்துட்டு வராண்டாவுக்குப் போயிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில ரெண்டு தூத்தல் போட்டு ஏமாத்திடுச்சு. புழுக்கம் ஜாஸ்தி.

அறையில கடைசி பத்து நிமிஷம் பேச்சு. நான் இருந்தேன். எல்லாரும் ஒரே நேரத்துல மன்னிப்பு கேட்டாங்க. ஹெல்காம்மா அழுவாத குறை. நாங்களே வேணும்னு ஒலிபரப்பறோம்னு நெனைச்சாராம் ஒருத்தர். மலையடிவாரத்து விடிகாலை, துடைப்பம், பால் தூக்கு, பொண்ணு பாட்டு. என் பாட்ட ரசிச்ச முதல் மனுஷன், அதுவும் தப்பா புரிஞ்சுக்கிட்டு.

பார்வதி அக்கா சாக்கு சொல்லல. "ரெண்டாவது நாளே எனக்குத் தெரியும்மா, உனக்குத் தெரியாம கேக்குதுன்னு. சொன்னா நீ மூடிடுவே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன்." அது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். தப்புதான்னாங்க. நாளைக்குச் சொல்லலாம்னு தள்றத பத்தி நான் அதுக்கு மேல பேச முடியல.

வெளிய வர்றதுக்கு முன்னாடி சளிக்காரர் தயங்கித் தயங்கி கேட்டாரு, ஆனா மாமாகிட்ட சொல்லியாச்சான்னு. முப்பது பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டாங்க. இல்லன்னேன்.

ஹெல்காம்மா கணக்குலேருந்து வெளிய வந்தாச்சு. அந்தப் பக்கத்துக்கு மைக் தடை. கேமரா மேல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன், என்னோடதுதான், பச்சைக் கல்லு வெச்சது. ரூமே பெருசாயிட்ட மாதிரி இருக்கு.

ஏப்ரல் 20, திங்கள்

எதெதுக்கு மைக் அனுமதி இருக்குன்னு ப்ரௌசர் செட்டிங்ஸ்ல போய் பாத்தேன். தலை சுத்திடுச்சு. ராசி பலன். திருமண ஜாதகம். மிக்ஸி விக்கற கடை. மூட்டு வலி எண்ணெய். மழை வருமான்னு சொல்றது. மிக்ஸிக்காரனுக்கு எங்க மைக் எதுக்கு? எல்லாம் மாமாவோட போணி. ஒண்ணு விடாம எடுத்தேன். தானா திறக்கறதையும் நிறுத்திட்டேன். ராசி பலன் மட்டும் அவரே தினமும் திறப்பாரு, அது தினமும் கேக்கும்.

மாமாகிட்ட ஒத்திகைய விட்டுட்டு மீதிய சொன்னேன். மைக் திறந்திருந்துச்சு, காலையில நம்ம லாட்ஜ்ல நடக்கறது வெளிநாட்டுல கேட்டுச்சுன்னு. திட்டு விழும்னு பாத்தா மூஞ்சியெல்லாம் பூரிப்பு. எந்தெந்த நாட்டுலன்னு கேட்டாரு. சொன்னேன். சாமிக்கு மணி அடிச்சது கேட்டுச்சா? கேட்டுச்சு. நான் தும்மினது? அதுவும் கேட்டிருக்கும். மத்தியானத்துக்குள்ள தெரு பூரா சொல்லிட்டாரு.

இனிமே எது கேட்டாலும் "தடு"வ அமுக்குங்கன்னேன். காலங்காத்தால அது மட்டும் முடியாதுன்னுட்டாரு.

பயம் ஒண்ணு இருக்கு. பார்வதி அக்கா பௌர்ணமிக்கு வர்றாங்க. மாமா அவங்கள சும்மா விடமாட்டாரு, வேற என்னென்ன கேட்டுச்சுன்னு நோண்டுவாரு. அவங்க வாயிலேருந்து அவருக்குத் தெரியக்கூடாது. நான்தான் சொல்லணும்.

ஏப்ரல் 22, புதன்

அ. ஒரு வழி சொன்னா. காலையில முதல்ல கேக்கறவங்களுக்குத்தான் அவர் இல்லன்னு சொல்ல மாட்டாரே. கம்ப்யூட்டர் கேக்கறதுக்கு முன்னாடி நீ கேளுடி. சுலபம்.

அலாரம் வெச்சு எழுந்தேன். மாமா வாசல்ல தண்ணி தெளிச்சுட்டு உள்ள வந்தாரு. நெத்தியில விபூதி ஈரம். ஊதுபத்தி கூட கொளுத்தல. நான் எதிர்ல போய் நின்னேன். என்னைப் பாத்ததும் சிரிச்சுட்டு, "இன்னா வேணும் கேளு"ன்னாரு. நான் ஏதோ கேக்கத்தான் வந்திருக்கேன்னு தெரிஞ்சுது அவருக்கு. குடுக்கத் தயாரா நிக்கறாரு. என்னன்னு கூட தெரியாது.

வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொல்லல.

இப்படித்தானே அந்த மைக்கும் சரி வாங்குச்சு. கேட்ட நேரத்துக்காக குடுத்த சரி. எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. ரெண்டு மாசம் என் வாழ்க்கைய ஊரெல்லாம் கேட்டது அந்த சரியாலதான். எனக்கு அந்த மாதிரி ஒண்ணு மாமாகிட்டேருந்து வேணாம். அவர் யோசிச்சு வேணாம்னு சொன்னா கூட பரவாயில்ல.

ஒரு டீ குடுங்க மாமான்னேன். இதுக்கா இப்படி நின்னேன்னு சிரிச்சுட்டு அவரே போட்டுக் குடுத்தாரு. சக்கரை ஜாஸ்தி. அ. என்னை மெண்டல்னு திட்டினா.

ஏப்ரல் 23, வியாழன்

சொல்லிட்டேன்.

மத்தியானம். கத்திரிக்கா காரக்குழம்பு, அப்பளம். சாப்பிட்டு மாமா கை கழுவிட்டு வந்து உக்காந்தாரு. அத்தை வெத்தலை மடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஒத்திகை பாத்தது ஒண்ணு கூட ஞாபகம் வரல. "மாமா, நான் லாட்ஜ் வேலைய விடறேன். அமுதாவோட சேந்து கடை போடறேன்"னு மளமளன்னு கொட்டிட்டேன்.

என்ன கடைன்னாரு. சொன்னேன்.

ஈரக் கைய துண்டுல தொடைச்சாரு. அப்புறம், "வேணாம்"னாரு.

இத்தனை வருஷத்துல அவர் எனக்கு அந்த வார்த்தைய சொன்னதே இல்ல. காலேஜ், செல்ஃபோன், ஸ்கூட்டி, எதுக்கும் இல்ல. காரணம் கேட்டேன். லாட்ஜ் இல்ல காரணம். ஊர்ல இருக்கறவன் கால் கழுவின தண்ணிய நம்ம வீட்டுப் பொண்ணு தூக்கி ஊத்தறதாங்கறாரு. இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா, உங்கம்மாவுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பதில் சொல்வேன்னாரு. குரல் ஒசத்தல. அதான் கஷ்டமா இருந்துச்சு.

நான் தொட்டியில குழாய் வெச்சிருக்கோம், தண்ணி தானா தென்னைக்குப் போயிடும், தூக்கி ஊத்த வேண்டியதில்லன்னு சொன்னேன். அதுவா இப்ப பேச்சு. கடைசியில, "மாமா, நான் கேக்கல. சொல்றேன். நீங்க சந்தோஷமா அனுப்பணும்னு ஆசை. இல்லன்னாலும் போவேன்"னேன். எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல.

துண்ட தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. வெத்தலைய கூட எடுக்கல.

அழுகை வந்துச்சு. நிம்மதியாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வர்றது என்ன கணக்குன்னு தெரியல. அத்தை என் பக்கத்துல உக்காந்து மாமாவுக்கு மடிச்ச வெத்தலைய எனக்குக் குடுத்துட்டு, மெதுவா கேட்டாங்க: "அந்த புக்கிங் எல்லாம் பண்றது ரொம்ப கஷ்டமா?"

ஏப்ரல் 24, வெள்ளி

அ.கிட்ட சரின்னு சொல்லியாச்சு. கரும்புச்சாறுக்காரர் வேற இடம் பாத்துக்கட்டும்.

மாமா என்கூட பேசல. காலையிலேருந்து சைகைதான். சாவி வேணும்னா கைய நீட்டறாரு. 2ம் நம்பர்காரங்க கெளம்பறாங்கன்னா ரெண்டு விரலக் காட்டறாரு. இந்த ஊருக்கு மௌனம் தேடி எங்கெங்கேருந்தோ வர்றாங்க, எங்க லாட்ஜ்ல இப்ப இலவசம்.

அத்தைக்கு மெயில் திறக்கக் கத்துக்குடுத்தேன். மௌஸ சப்பாத்திக்கட்டை புடிக்கற மாதிரி புடிக்கறாங்க. ஆனா புரிஞ்சுக்கறது கற்பூரம். எது வந்து அனுமதி கேட்டாலும், "யாரு நீ, எதுக்கு?"ன்னு திரையப் பாத்து கேட்டுட்டு தடுவ அமுக்கறாங்க. இதுக்கு முன்னாடி இவங்கள ஏன் உக்கார வெக்கலன்னு தோணுச்சு. யாரும் கேக்கல, அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பனி மாதிரி லேசா மூட்டம், எட்டு மணிக்குள்ள போயிடுச்சு.

காலையில ரிசப்ஷனுக்கு வந்தா மாமா பாலுக்குப் போகாம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காரு. ராசி பலன் திறந்திருக்கு. மைக் குடுக்கறியான்னு பொட்டி. கை மௌஸ் மேல. எவ்வளவு நேரமா அப்படியே இருந்தாரோ, ஊதுபத்தி பாதி எரிஞ்சிருந்துச்சு.

"இதுக்கு வேணாம்னு சொன்னா என்ன ஆவும்?" மூணு நாள் கழிச்சு பேசின முதல் பேச்சு.

"ஒண்ணும் ஆகாது மாமா. பலன் அது பாட்டுக்கு வரும்."

"கோச்சுக்காதா?"

"கோச்சுக்காது."

தடுவ அமுக்கினாரு. பொட்டி போச்சு. ரிஷபத்துக்கு அலைச்சல்னு போட்டிருந்துச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பாம, "நான் வேணாம்னு சொன்னதுக்கு நீ கோச்சுக்கிட்டியா?"ன்னாரு.

இல்லன்னேன். போயிடுவியான்னாரு. போயிடுவேன்னேன். தலைய ஆட்டிட்டு பால் தூக்க எடுத்துக்கிட்டு போனாரு. சந்தோஷமா அனுப்பறேன்னு சொல்லல. ஆனா பேசிட்டாரு. இன்னிக்கு அது போதும். நாள் பூரா மனசு லேசா இருந்துச்சு.

சாயந்திரம் ரூம் கேட்டு நாலு குடும்பம் வந்துச்சு. காலையில முதல்ல கேட்டதுக்கு இல்லன்னு சொன்ன நாள்லயே எல்லா ரூமும் ஃபுல். அத நான் அவருக்கு எடுத்துச் சொல்லல, அவரே பாத்துக்கிட்டாரு.

ஏப்ரல் 28, செவ்வாய்

தொட்டி வாங்கியாச்சு, நீலமும் பச்சையும். ஸ்டூல் வாடகைக்கு. கல்லுப்பு மூட்டை. எலுமிச்சை வெலை கேட்டா மயக்கம் வருது, மோர்ல கொத்தமல்லி போட்டு சமாளிக்கலாம்னு அ. சொல்றா.

முதல்ல எங்க காலையே வெச்சுப் பாத்தோம். சுகம். அ.வோட அப்பா தூரத்துல நின்னு கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தவரு, உக்காந்தாரு. அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு.

மாமா கடைய பாக்க வரல. நானும் கூப்பிடல. கூப்பிட்டா வரணுமேன்னு வருவாரு.

ஏப்ரல் 30, வியாழன்

இன்னிக்கு ராத்திரியே கூட்டம் நடக்க ஆரம்பிச்சுடும். வெயில் கொளுத்துது. எங்களுக்கு நல்லது, நடக்கறவங்களுக்குப் பாவம்.

பார்வதி அக்கா காலையிலேயே வந்துட்டாங்க. குள்ளமா, நரைச்ச கொண்டை, குரல மட்டும் வெச்சு நான் நெனைச்ச ஆளே இல்ல. என்னைக் கண்டதும் கைய புடிச்சுக்கிட்டாங்க. கோவம் இருக்கான்னாங்க. இருக்கு, கொஞ்சம் கம்மியா இருக்குன்னேன். சொல்லிட்டேன்னும் சொன்னேன். அந்தம்மா அங்கேயே வராண்டாவுல உக்காந்து முந்தானையால கண்ண தொடைச்சுக்கிட்டாங்க. மத்தவங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டாங்க. கேட்டாங்க பாரு, அதுவே எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சொல்லுங்கன்னேன்.

மத்தியானம் பழைய துண்டெல்லாம் எடுத்துக்க லாட்ஜுக்குப் போனேன். கடையில கால் தொடைக்கத் துண்டு பத்தல. அத்தை எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லியிருந்தாங்க. மாடியிலேருந்து மூட்டையோட எறங்கறேன், கீழ ரிசப்ஷன்ல மாமா குரல். பெங்களூர்லேருந்து வந்த குடும்பம் 4ம் நம்பர்ல, புருஷன், பொண்டாட்டி, வயசான மாமியார். சாயந்திரம் கிரிவலம் போகணும், வழி கேட்டுக்கிட்டிருந்தாங்க. மாமா தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, பர்ஸ ஜாக்கிரதையா வெச்சுக்கோங்கன்னு எல்லாருக்கும் சொல்றதத்தான் சொல்லிட்டிருந்தாரு. நான் பாட்டுக்கு எறங்கியிருப்பேன்.

"பாதி வழியில அடி அண்ணாமலை வரும். அங்க எங்கக்கா பொண்ணு கடை வெச்சிருக்குது. நீலத் தொட்டி இருக்கும், பாத்தா தெரியும். அம்மாவ அங்க உக்கார வெய்யிங்க, கால நனைச்சுக்கட்டும், அப்பதான் மீதி நடக்க முடியும்."

நான் படியிலேயே நின்னுட்டேன்.

உங்க பேரச் சொல்லட்டுமான்னு அந்த ஆளு கேட்டாரு.

"என் பேரச் சொல்லாதீங்க. சொன்னா காசு வாங்காது. புதுசா வெச்சிருக்குது, காசு குடுத்துட்டு வாங்க."

நான் அங்க நின்னது அவருக்குத் தெரியாது. மூட்டைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு, சத்தம் வராம திரும்பி மாடியேறி, பின் படி வழியா எறங்கி வந்துட்டேன். நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லப்போறதில்ல.